ஒன்றரை ரொட்டியில் 21 கிலோமீற்றர்

“ஓடின அன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?”

டொக்டராகிய நான் கேட்டது கணவரிடம். பதில் சுவரோரம் கிடந்த வாங்கிலிருந்து வந்தது. “ரெண்டு ரொட்டி சுட்டு வச்சேன் சேர். ஒன்றரைதான் தின்னாரு. பாதிய நாய்க்குப் போட்டுட்டு ஓடிட்டாரு.”

கணவர் ஹட்டன் பக்கத்தில் ஓட்டோ ஓட்டுகிறவர். பள்ளிக்கூட நாட்களில் மாகாண மட்டம் வரை ஓடியிருக்கிறார். முப்பதைத் தாண்டியதும் பழைய ஆசை திரும்பி வந்து, இப்போது அரை மரதனுக்குப் பயிற்சி எடுக்கிறார். 13, 14 கிலோமீற்றர் வரை நன்றாகப் போகிறதாம். அப்புறம் காலில் யாரோ கல்லைக் கட்டிவிட்ட மாதிரி ஆகிவிடுகிறதாம். கையில் ஒரு பை, பைக்குள் புரதப் பவுடர் டின். மனைவி கொழுந்து பறிக்கிறவர். அந்த டின்னின் விலை அவருடைய ஒரு வாரச் சம்பளத்தைவிட அதிகம். (இந்தக் கட்டுரையில் வருகிற யாரையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நானும் ஓடுகிறவன் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டதால், ஓட்டக்காரர்கள் என் டிஸ்பென்சரிக்கு அடிக்கடி வருகிறார்கள். அவர்களிடம் நான் போடும் நிபந்தனை ஒன்றுதான்: வீட்டில் சமைக்கிறவரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். எத்தனை கிலோமீற்றர், எத்தனை நிமிடம் என்பதெல்லாம் ஓடுகிறவருக்கு விரல் நுனியில் இருக்கும். வயிற்றுக்குள் என்ன போனது என்று கேட்டால் விழிப்பார். அது தெரிந்தவர் வாங்கில் உட்கார்ந்திருப்பார்.

சரி, அந்த ஒன்றரை ரொட்டியின் கணக்கைப் பார்ப்போம்.

சமதரையில் ஓடும்போது ஒரு கிலோமீற்றருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். இவர் 60 கிலோ. 21 கிலோமீற்றருக்கு 1250 கலோரிக்குக் குறையாது. நம் பக்கத்தில் சமதரை என்று எதைச் சொல்வது? ஏற்றம் வந்தால் செலவு இன்னும் கூடும். வேகமாக ஓடும்போது உடம்பு முதலில் கைவைப்பது கிளைக்கோஜன் என்ற சேமிப்பில். சாப்பிடும் மாச்சத்தைத் தசையும் ஈரலும் அந்த வடிவத்தில்தான் பதுக்கி வைக்கின்றன. தசைகளில் ஒரு 400 கிராம், ஈரலில் 100 கிராமுக்குக் கிட்ட இருக்கலாம். ஈரலில் இருப்பது இரவு தூங்கி எழும்புவதற்குள் பெருமளவு கரைந்துபோகும், ஏனென்றால் நாம் தூங்கினாலும் மூளை தின்றுகொண்டே இருக்கும். முதல் நாள் இரவும் சரியாகச் சாப்பிடாமல், காலையில் அரை வயிறோடு கிளம்பினால், ஒன்றரை மணித்தியாலம் போல ஓடியதும் டாங்கி காலி. இவருக்கு 14ஆவது கிலோமீற்றரில் நடப்பது இதுதான். ஓட்டோ ஓட்டுகிறவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஒரு ரொட்டிக்கு எவ்வளவு மா எடுப்பீர்கள் என்று மனைவியிடம் கேட்டேன். கையைக் குவித்துக் காட்டினார். 60 கிராம் இருக்கும். அதில் மாச்சத்து 45 கிராம் போல. இரண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம், இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி என்றால் 120 கிராமைத் தாண்டும். ஓட்டத்துக்கு இரண்டு, மூன்று மணித்தியாலம் முந்தி உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 2 கிராம் மாச்சத்து சாப்பிடச் சொல்கிறோமே, அந்தக் கணக்குக்கு இது அப்படியே பொருந்துகிறது. வாழைப்பழத்தையும் அவர் எடுத்துத்தான் வைத்திருந்தாராம். தராசு இல்லாமல், புத்தகம் இல்லாமல், கை அளவிலேயே அவர் சரியாகக் கொடுத்திருக்கிறார். பிழை நாயின் பங்கில்.

ஒரேயொரு திருத்தம் சொன்னேன். ஓட்ட நாளில் ரொட்டிக்குத் தேங்காயைக் குறைக்க வேண்டும், கட்டச் சம்பலை மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கொழுப்பு வயிற்றில் நெடுநேரம் தங்கும், உறைப்பு ஓடும்போது தன் வேலையைக் காட்டும். அதற்குப் பதிலாகக் கித்துள் கருப்பட்டி ஒரு துண்டு போதும்.

வழியில் குடிப்பதற்கும் கடைப் போத்தல் தேவையில்லை. அரை லீற்றர் சாயத்தண்ணியில் மூன்று மேசைக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை உப்பு, அரைத் தேசிக்காய். சீனி ஏறத்தாழ ஏழு வீதம், கடையில் விற்கும் விளையாட்டுப் பானங்களிலும் ஆறிலிருந்து எட்டு வீதம்தான். ஒரு மணித்தியாலத்துக்குமேல் நீளும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து வேண்டும் என்பார்கள். இந்த ஒரு போத்தல் அந்தக் கீழ் அளவைத் தாண்டிவிடும். குளிரில் தாகம் தெரியாது என்பதற்காகக் குடிக்காமல் விடுவதும் பிழை, பயத்தில் வெறும் தண்ணீரை லீற்றர் லீற்றராகக் குடித்து இரத்தத்தில் உப்பைக் குறைத்துக்கொள்வதும் பிழை. நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் இந்தச் சீனிக் கணக்கைத் தங்கள் டொக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது.

ஓடி முடிந்து வந்ததும் இரண்டு அவித்த முட்டையும் ஒரு கைப்பிடி நெத்தலியும் சோறோடு சாப்பிட்டால் 20 கிராம் புரதம் வந்துவிடும். ஒரு நேரத்துக்கு அது போதும். பருப்பு, பயறு, சோயாமீட், கௌப்பி எல்லாம் நம் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. டின்னுக்குள் இருப்பது நஞ்சில்லை, பாலில் எடுத்த புரதம். வாங்க வசதி உள்ளவர் வாங்கட்டும். கடன் சொல்லி வாங்குவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கென்யாவின் பெயர்பெற்ற ஓட்டக்காரர்கள் பயிற்சி எடுக்கும் இத்தேன் ஊர் சுமார் 2400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நம் பிதுருதலாகல உச்சி 2524 மீற்றர். அவர்களும் தேயிலை விளைகிற நாட்டுக்காரர்கள்தான். அவர்களுடைய அன்றாடச் சாப்பாடு சோள மாவைக் கிளறிச் செய்யும் உகாலி, கீரை, பீன்ஸ், பாலும் சீனியும் போட்ட தேநீர். உகாலியின் இடத்தில் ரொட்டியை வைத்துப் பாருங்கள், நம் தோட்டத்து லயன் வீட்டு அடுப்படி தெரியும்.

இவ்வளவையும் கணவருக்குச் சொல்லி முடித்துவிட்டு, “தங்கச்சி, நீங்க காலையில என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டேன். சிரித்தார். என் மேசைக்கு முன்னால் இந்தச் சிரிப்பைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெண்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை, சிரிப்பார்கள். நாலு மணிக்கு எழும்பி, தண்ணீர் பிடித்து, எல்லாருக்கும் ரொட்டி சுட்டு, பிள்ளையைக் கிளப்பி, தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடுகிறார். தன் ரொட்டியை மலைக்குக் கட்டிக்கொண்டு போய், பத்து மணித் தேத்தண்ணியோடு தின்கிறார். பிறகு சரிவில் ஏறி இறங்கி 18, 20 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும். வீட்டில் நெடுந்தூர ஓட்டக்காரர் ஒருவர் என்று பதிந்து வைத்திருந்தேன். இரண்டு என்று திருத்திக்கொண்டேன்.

வரும்போதே கவனித்திருந்தேன். என் அறைக்கு ஏழு படிதான். ஏறி வந்தவர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுப்பு. இரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.6. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால் இரத்தச்சோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மலையில் வாழ்கிறவர்களுக்கு அந்த எல்லையையே கொஞ்சம் உயர்த்திப் பார்க்க வேண்டும், காற்றில் ஒட்சிசன் குறையக் குறைய உடம்புக்கு ஹீமோகுளோபின் கூடுதலாகத் தேவைப்படுகிறது. கொழும்பில் “பரவாயில்லை” என்று விடக்கூடிய ஓர் எண், நுவரெலியாவில் பரவாயில்லை ஆகாது.

இங்கே தேத்தண்ணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஊர் கோபித்துக்கொண்டாலும் சரி. தேயிலையில் இருக்கும் துவர்ப்புப் பொருட்கள், பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டோடு குடித்தால் பாதிக்கு மேல் வீணாகிவிடும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் அந்தத் தொல்லை பெரிதாக இல்லை. கிளினிக்கில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்குகிறவர்கள் எத்தனையோ பேர். அதைத் தண்ணீரிலோ தேசிக்காய்த் தண்ணீரிலோ விழுங்க வேண்டும். வல்லாரைச் சம்பலில் தேசிக்காய் பிழிவது ருசிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், புளிப்பு இரும்புச்சத்தை உள்ளே இழுத்துவிடும். கொக்கிப்புழு இருந்தால் எவ்வளவு சாப்பிட்டும் இரத்தம் ஏறாது, பூச்சி மாத்திரையையும் மறக்கக் கூடாது.

வேறொரு வீட்டில் இதைவிட மோசம். கைக்குழந்தைக்காரிக்குக் கிளினிக்கில் கொடுத்த திரிபோஷா சத்துமாவை, “புரதம் கூட, சும்மாதானே வருது” என்று கணவர் பாலில் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார், பயிற்சிக்காக. எனக்கு வந்த கோபத்தை அடக்க ஒரு தேத்தண்ணி தேவைப்பட்டது.

என்னை மட்டும் நல்ல கணவன் பட்டியலில் சேர்த்துவிட வேண்டாம். சில வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீண்ட ஓட்டம். என் மனைவி வற்றாளைக்கிழங்கு அவித்து, உப்புத் தூவி, சாப்பாட்டுப் பெட்டியில் வைத்திருந்தார். முதல் நாள் மகளின் பள்ளிக்கூட விழாவுக்கு நான் போகாததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. “எனக்குத் தெரியாததா?” என்று எதற்கும் பொருந்தாத ஒரு பதிலைச் சொல்லிவிட்டு, பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறுகிற பாதையில் கண் இருட்டியது. கை நடுங்கியது. மதகுக் கட்டில் உட்கார்ந்து, ஊருக்கெல்லாம் மாச்சத்துக் கணக்குச் சொல்கிற டொக்டர், வீட்டுக்கு கோல் எடுத்தார். அரை மணித்தியாலத்தில் மனைவி ஓட்டோவில் வந்தார். அதே பெட்டி. “ஆறிப்போச்சு, சாப்பிடுங்க” என்றார். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொன்னது, “உப்புக் கொஞ்சம் கூட.”

அதற்குப் பிறகுதான் வாங்கில் இருக்கிறவர்களிடம், “இவர் என்ன செஞ்சா உங்களுக்கு லேசா இருக்கும்?” என்று கேட்கத் தொடங்கினேன். பூ, புடவை என்று யாரும் சொன்னதில்லை. எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று சொல்லிவிட்டுப் போனால் போதும் என்றார் ஒருவர். சேற்றுச் சப்பாத்தை வாசலிலேயே கழற்றட்டும் என்றார் இன்னொருவர். நாளைக்கு ஓடப்போவதை இன்றைக்கே சொன்னால் கிழங்கு வாங்கி வைக்கலாம், இரவு பத்து மணிக்குச் சொன்னால் எங்கே போவது என்றார் மூன்றாமவர். எல்லாம் காசில்லாமல் நடக்கிற காரியங்கள்.

கவனித்துப் பார்க்கிற துணை சில நேரம் டொக்டரையும் மிஞ்சிவிடும். பண்டாரவளைப் பக்கத்திலிருந்து ஒரு முன்பள்ளி ஆசிரியை வந்தார். ஓடுகிறவர் அவர். பேக்கரியில் வேலை செய்யும் கணவர் மத்தியானமே வந்துவிடுவதால் சமையல் அவருடையது. கெண்டைக்காலெலும்பில் வலி என்று வந்தவரிடம் நான் சப்பாத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “மெலிஞ்சு அழகா இருக்கான்னு எல்லாரும் சொல்றாங்க டொக்டர். ஆனா மூணு மாசமா கடையில அது வாங்கச் சொல்லல்ல.” மாதவிடாய் நின்றிருந்தது. ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாதபோது உடம்பு ஒவ்வொரு வேலையாக நிறுத்திக்கொண்டு வரும், எலும்பும் தேயும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதற்குத் தனிப் பெயரே வைத்தது. கர்ப்பம் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டு படம் எடுத்தோம். எலும்பில் மயிரிழைக் கீறல். இராச்சோற்றை விட்டு ஒரு வருடமாம். கணவர் சமைத்து வைத்ததை மறுநாள் காலையில் அவரே தின்று தீர்த்துவந்திருக்கிறார். தன் எடை ஏறியதை வைத்துத்தான் சந்தேகப்பட்டாராம்.

ஹட்டன் தம்பதியிடம் திரும்பி வருகிறேன். மாத்திரை எழுதினேன். பத்து மணித் தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளச் சொன்னேன். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. “மலையில தேத்தண்ணி வர்ற நேரத்துக்குத்தான் வரும் சேர். எனக்காக நிக்காது.” நியாயம்தான். அப்படியென்றால் ரொட்டியை வீட்டிலேயே, கிளம்பும் முன் சாப்பிட வேண்டும்.

“அந்த நேரத்துல பிள்ளைக்குத் தலை சீவணுமே?”

நான் கணவரைப் பார்த்தேன். மனைவியும் பார்த்தார். அவர் டின் இருந்த பையைக் காலால் நாற்காலிக்குக் கீழே தள்ளினார்.

“எனக்கு ரெட்டைப் பின்னல் வராது சேர்.”

“ஒத்தப் பின்னல் போடுங்க,” என்றார் மனைவி. “டீச்சர் ஏசினா நான் வந்து பேசிக்கிறேன்.”