நினைவூட்டலில் தேதி மட்டும் போதாது

பல் வேர் சிகிச்சையின் (ரூட் கெனால்) இரண்டாம் சிட்டிங்குக்கு வராமல் போன ஒருவர், ஏழு வாரம் கழித்துக் கன்னம் வீங்கி வந்து நின்றார். வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணுக்குக் கோபம். "மூன்று தடவை மெசேஜ் அனுப்பினோமே, சார்!" அவர் மறுக்கவில்லை. செல்பேசியை எடுத்து எங்களிடமே காட்டினார். மூன்றும் அப்படியே இருந்தன. "நாளை காலை 10.30 மணிக்கு வேர் சிகிச்சை. தவறாமல் வரவும்."

"மறக்கவில்லை டாக்டர். வலிதான் நின்றுவிட்டதே, இனி எதற்கு என்று விட்டுவிட்டேன்."

அவர் மேல் தவறு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் சிட்டிங்கில் பல்லுக்குள் இருக்கும் கூழை, அதாவது நரம்புள்ள மென்மையான திசுவை எடுத்து, வேர்க்குழாயைச் சுத்தம் செய்து, மருந்து வைத்து, மேலே தற்காலிக அடைப்பைப் போடுகிறோம். வலி பெரும்பாலும் அத்தோடு அடங்கிவிடும். அந்த அடைப்பு சில வாரம் தாக்குப்பிடிப்பதற்காகப் போடப்படுவது. நாளாக ஆகத் தேய்ந்து, ஓரத்தில் கசிந்து, உமிழ்நீரோடு கிருமியையும் உள்ளே விடும். வலி நின்றதும் வேலை முடிந்தது என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை. முடியவில்லை என்பதை எங்கள் செய்தி அவருக்குச் சொல்லவே இல்லை. அவர் ஏற்கெனவே அறிந்திருந்த தேதியைத்தான் மூன்று முறை சொன்னது.

நினைவூட்டல் பயன் தரும் என்பதில் சந்தேகமில்லை. குறுஞ்செய்தி அனுப்பினால் வருகை கூடுகிறது, பலன் ஏறக்குறைய தொலைபேசி அழைப்புக்குச் சமம் என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013-இல் வெளியிட்ட தொகுப்பு சொல்கிறது. வாசகத்தை மாற்றினாலும் பலன் மாறுகிறது. லண்டன் அரசு மருத்துவமனைகளில் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான செய்தி பெற்றவர்களில் 11.1 சதவீதம் பேர் வரவில்லை. ஒருவர் வராமல் போனால் அரசு மருத்துவச் சேவைக்கு ஆகும் செலவை எழுதி அனுப்பியபோது அது 8.4 ஆகக் குறைந்தது. எங்களைப் போன்ற சிறிய க்ளினிக்கில் செலவுக் கணக்கை நீட்டினால் கடன் கேட்பதுபோல் இருக்கும் என்பதால் அதை நான் பின்பற்றவில்லை. சொற்களை மாற்றிப் பார்க்கலாம் என்ற துணிவு மட்டும் அங்கிருந்து வந்தது.

ஒவ்வொரு வகை நோயாளிக்கும் தனித்தனி வாசகம் எழுத எனக்கு நேரமும் இல்லை, கையும் வரவில்லை. ஆகவே செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கேட்டேன். முதல் நாள் அது எழுதித் தந்த தமிழில் "உங்கள் நியமனம் உறுதிசெய்யப்பட்டுள்ளது" என்று இருந்தது. யாருக்கு வேலை கிடைத்தது என்று உதவியாளர் கேட்டார். பல்லுக்கு மேல் போடும் உறையைப் பற்றிய செய்தியில் "தங்கள் கிரீடம் தயார்" என்றிருந்தது. சிரித்துவிட்டுத் திருத்திக்கொண்டோம்.

அடுத்து வந்த பிழைகளில் சிரிக்க ஒன்றுமில்லை. பல் எடுக்க வருபவருக்கு "வெறும் வயிற்றில் வரவும்" என்று எழுதியிருந்தது. முழு மயக்கம் கொடுத்துச் செய்யும் அறுவைச் சிகிச்சைக்கான அறிவுரை அது. நாங்கள் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து பல்லை எடுக்கிறோம். சர்க்கரை நோயாளி ஒருவர் இந்த வரியை நம்பி, மாத்திரை போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வந்தால், சர்க்கரை இறங்கி நாற்காலியிலேயே மயங்கிவிழக்கூடும். இன்னொரு வரைவில், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மூன்று நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும் என்று அதுவாகவே சேர்த்திருந்தது. பல் எடுக்கும்போது கசியும் ரத்தத்தை அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திவிடலாம். மாத்திரையைத் தன்னிச்சையாக நிறுத்தியதால் இதயத்திலோ மூளையிலோ அடைப்பு வந்தால் நாங்கள் என்ன செய்வது? இரண்டு வரிகளும் எந்தத் தயக்கமும் இல்லாமல், மிகப் பணிவான நடையில் எழுதப்பட்டிருந்தன. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அன்றிலிருந்து மருத்துவ அறிவுரை வரிகளை நானே எழுதிக் கொடுக்கிறேன். "இவற்றில் ஒரு சொல்லையும் மாற்றாதே, புதிதாக எதையும் சேர்க்காதே" என்று சொல்லிவிட்டு, மீதியை மட்டும் கேட்கிறேன். அப்படியும் வருவதை ஒருமுறை வாசிக்காமல் அனுப்புவதில்லை.

கேட்கும் விதமும் மாறியது. "நினைவூட்டல் எழுது" என்றால் அதே பழைய தேதிதான் திரும்பி வரும். இப்போது இப்படிக் கேட்கிறேன்: வேர் சிகிச்சையில் பாதியில் நிற்பவர், வலி இல்லை, வராமலிருக்கக் காரணம் தேடுகிறார், நான்கு வரி, மிரட்டல் கூடாது. வந்ததைத் திருத்தி இப்போது அனுப்புவது இது:

"வணக்கம். உங்கள் பல்லில் இப்போது இருப்பது தற்காலிக அடைப்பு. வலி நின்றிருந்தாலும் உள்ளே வேலை பாக்கி இருக்கிறது. நாளை காலை 10.30க்கு வாருங்கள். வழக்கம்போல் சாப்பிட்டு, மாத்திரைகளைப் போட்டுக்கொண்டே வரலாம். வர இயலாவிட்டால் 'வேறு நாள்' என்று பதில் அனுப்பினால் போதும்."

பயந்து வராமலிருப்பவர்கள் வேறு ரகம். பல் சிகிச்சைப் பயத்தை அளக்க 1969-இல் நார்மன் கோரா ஓர் அளவுகோல் வகுத்தார். அதன் முதல் கேள்வி, நாளை பல் மருத்துவரிடம் போக வேண்டும் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்பது. நாற்காலியும் இயந்திரமும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. எங்கள் செய்தி போய்ச் சேர்வதும் அந்த முந்தைய நாளில்தான். இவர்களுக்காகக் கேட்டபோது "வலியே இல்லாத சிகிச்சை" என்று செயலி எழுதித் தந்தது. அடித்துவிட்டேன். ஊசி குத்தும்போது கொஞ்சம் வலிக்கும். அந்த ஒரு பொய் போதும், அடுத்த தடவை அவர் வர மாட்டார். "நடுவில் கையை உயர்த்தினால் உடனே நிறுத்திவிடுவோம்" என்ற வரியை அங்கே போட்டேன். அதைச் செய்தும் காட்டுகிறோம். குழந்தைகளின் பெற்றோருக்கான வரைவில் "ஊசிக்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்லி அழைத்து வாருங்கள்" என்றிருந்தது. அதுவரை ஊசியைப் பற்றி நினைத்தே இராத குழந்தைக்கு அதைவிட மோசமான அறிமுகம் கிடையாது.

எஸ்எம்எஸ் அனுப்புபவர்களுக்கு ஒரு தொழில்நுட்பச் சங்கடமும் உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழுக்கு 70தான். அதிலும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் வரும். 'நினைவூட்டல்' நம் கண்ணுக்கு ஆறெழுத்து, செல்பேசிக் கணக்கில் 11. எங்கள் பழைய ஒருவரிச் செய்தியே 54 இடத்தை விழுங்கியது. 70-ஐத் தாண்டினால் துண்டாகி, ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம். "70-க்குள் எழுது" என்று கேட்டால் எழுதிவிட்டதாகச் செயலி சொல்லும். எண்ணிப் பார்த்தால் 90 இருக்கும். எழுத்து எண்ணுவதில் அதை நம்பாதீர்கள். நீளமான வாசகத்தை வாட்ஸ்அப்புக்கு ஒதுக்கிவிட்டோம்.

நோயாளியின் பெயர், தொலைபேசி எண், நோய் விவரம் எதையும் செயலிக்குள் இடுவதில்லை. பெயர் வர வேண்டிய இடத்தில் காலி அடைப்புக்குறி. அதை நிரப்புவது எங்கள் கணினி. பூட்டிய திரையிலும் செய்தியின் முதல் வரி தெரியும் என்பதையும் தாமதமாகத்தான் உணர்ந்தேன். ஓர் அம்மையார் தனக்குப் பல்செட் கட்டுவதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, எங்கள் செய்தி சொல்லிவிட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது சிகிச்சையைக் குறிப்பிடலாமா என்று முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்கிறோம். வேண்டாம் என்பவர்களுக்கு நாளும் நேரமும் மட்டும்.

பதில் அனுப்பலாம் என்று எழுதிய பிறகு பதில்கள் வரத்தானே செய்யும். அவற்றுக்கும் செயலியே மறுமொழி அனுப்பும்படி வைக்கலாம் என்று யோசனை சொன்னார்கள். யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில் ஓர் இரவு 11 மணிக்கு நினைவூட்டலுக்குப் பதில் வந்தது: "கீழ்த்தாடை வீங்கியிருக்கிறது, விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது, நாளை வரை பொறுக்கலாமா?" பொறுக்கக் கூடாது. வீக்கம் கழுத்துக்கோ கண்ணுக்கோ பரவினால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், அப்போதே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நல்லவேளையாக உதவியாளர் விழித்திருந்து பார்த்தார், அவரை உடனே அனுப்பிவைத்தோம். இப்போது க்ளினிக் மூடிய பிறகு எந்தப் பதில் வந்தாலும் தானாகப் போவது ஒரே செய்தி. அந்த எச்சரிக்கையும் என் செல்பேசி எண்ணும் மட்டுமே அதில் இருக்கும், நானே எழுதியது.