தாவும் சிலந்தி மீது பழி போடாதீர்கள்

இந்த வாரமும் ஒருவர் வந்தார். நெற்றியில் ஒரு பக்கம் மட்டும் கொப்புளம், இமை வீங்கிக் கண் மூடிக்கிடக்கிறது. "தூக்கத்தில் எட்டுக்கால் பூச்சி சிறுநீர் கழித்துவிட்டது டாக்டர். சுவரில் தாவித் திரியுமே, அதுதான்." நாலைந்து நாள் மஞ்சள் பூசிவிட்டு வந்திருக்கிறார். அது அக்கி. அக்கி எழுதிக்கொண்டு வருகிறவர்களாவது நோயைச் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள்!

சிலந்தியின் கழிவு வெண்மையான ஒரு சிறு துளி. அதனால் கொப்புளம் வராது. எத்தனை முறை சொல்வது? தாவும் சிலந்தி இரவில் வேட்டைக்கே கிளம்பாது. இழையால் நெய்த சிறு பைக்குள் ஒடுங்கிக் கிடக்கும். வலை விரித்துக் காத்திருக்காமல் கண்ணை நம்பிப் பிழைக்கும் பிராணி அது. வெளிச்சம் இல்லாமல் அதற்குப் பிழைப்பு இல்லை.

"நம்மையே முறைக்கிறதே" என்கிறார்கள். எட்டுக் கண்களில் நான்கு முன்வரிசையில் இருக்கின்றன. நடுவில் உள்ள இரண்டும் பெரியவை. பக்கக் கண்களுக்கு அசைவு தெரியும், நுணுக்கம் தெரியாது. நடுக்கண்களுக்கு நுணுக்கம் தெரியும், ஆனால் பார்வைப் பரப்பு மிகக் குறுகியது. அதனால்தான் நீங்கள் கையை அசைத்ததும் உடலையே திருப்பிப் பார்க்கிறது. லென்ஸ் அசையாது, உள்ளே விழித்திரைதான் நகரும். (கண் மருத்துவ நண்பர்கள் பொறாமைப்படும் அமைப்பு.) ஈ உட்கார்ந்தால் பூனை போலப் பதுங்கி நெருங்கும், சுவரில் ஓர் இழையை ஒட்டிக்கொண்டு ஒரே தாவல். ரோமம் அடர்ந்த, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உடல். கையில் பிடித்து நசுக்கினால் கடிக்கலாம். சிறிது வலிக்கும், அவ்வளவுதான்.

உடலின் ஒரு பக்கமாகப் பட்டைபோலக் கொப்புளம், அதற்கு முன்பே எரிச்சலும் குத்தலும் என்றால் அக்கியாக இருக்கலாம். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்குவதே நல்லது. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றே கண் மருத்துவரையும் பாருங்கள். பார்வை போய்விடும் ஆபத்து உண்டு.

மழைக்காலக் காலையில் கோடு இழுத்ததுபோல எரியும் புண்ணா? விளக்கைத் தேடி வரும், ஆரஞ்சும் கருப்பும் மாறிமாறி இருக்கும் ஒல்லியான சிறு வண்டு உங்கள் தோலில் நசுங்கியிருக்கும். உட்கார்ந்தால் ஊதித் தள்ளுங்கள், தேய்க்காதீர்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மருந்துக்கடையில் கேட்டுக் களிம்பு வாங்காதீர்கள். சிலந்தியை அடித்து டப்பாவில் போட்டு எடுத்துவரவும் வேண்டாம். தயவுசெய்து, கொப்புளம் எந்தக் கிழமை தொடங்கியது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வாருங்கள்.