நாய்க்குட்டிக்குக் கூண்டு எப்படி வீடாகிறது?

எங்கள் குட்டி வந்த முதல் நாள், கூண்டுக்குள் வேகவைத்த கோழித் துண்டு ஒன்றை வைத்தேன். முன்னங்கால் இரண்டையும் உள்ளே வைத்து, கழுத்தை முடிந்தமட்டும் நீட்டிக் கவ்விக்கொண்டது. பின்னங்கால்கள் மட்டும் ஓடத் தயாராக வாசலுக்கு வெளியே ஊன்றி நின்றன. பக்கத்து வீட்டுப் பாட்டி, "பச்சப் புள்ளய ஏம்மா கூண்டுல அடைக்கிற?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கூண்டு என்றாலே நமக்குக் கிளியும் கைதியும்தானே நினைவுக்கு வருகிறார்கள்.

இதற்கான பதில் குட்டி பிறந்த நாளிலிருந்தே தொடங்குகிறது. முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குக் குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. தாய் நக்கிக் கொடுத்தால்தான் கழியும். கழிந்ததையும் தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். அதனால் படுக்கும் இடம் எப்போதும் சுத்தமாகவே இருக்கும். கால் ஊன்றியதும் குட்டி தள்ளாடித் தள்ளாடிப் படுக்கையை விட்டு நகர்ந்து போய்க் கழிக்கத் தொடங்கும். வீட்டுக்குள் கண்ட இடத்தில் கழிக்காமல் இருக்கக் குட்டியைப் பழக்கும் கூண்டுப் பயிற்சி, யாரும் சொல்லித்தராத இந்தப் பழக்கத்தை வைத்துத்தான் நடக்கிறது.

அதனால் கூண்டின் அளவு முக்கியம். நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் வேண்டும். மிகப் பெரிதாகிவிட்டால் ஒரு மூலை படுக்கையாகவும் மறுமூலை கழிப்பறையாகவும் ஆகிவிடும். வளரும் குட்டிக்குப் பெரிய கூண்டாக வாங்கி நடுவில் தடுப்பு வைப்பது இதற்காகத்தான். விற்பனைக்காக நெருக்கி அடைக்கப்பட்டு, தன் கழிவின் மேலேயே படுத்து வளர்ந்த குட்டிகளுக்கு இந்த இயல்பு மழுங்கிப் போயிருக்கும். அவற்றிடம் இந்த வழி எளிதில் பலிக்காது. அந்தக் குட்டியைத் திட்டுவது கொடுமை.

இயல்பு எவ்வளவு வலுவாக இருந்தாலும் மூத்திரப்பை சிறியது. வயதை மாதத்தில் எண்ணி ஒன்றைக் கூட்டினால் எத்தனை வருகிறதோ அத்தனை மணி நேரம் தாங்கும் என்பது வளர்ப்பவர்களின் பொதுக் கணக்கு. 2 மாதக் குட்டிக்கு 3 மணி நேரம். அதையும் உச்ச வரம்பாகத்தான் கொள்ள வேண்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிப் போய்விடுங்கள். வயிறு நிறைந்தால் குடல் அசையத் தொடங்கும். அது குட்டியின் கையில் இல்லை.

இனி மனசு. நாய்களின் செரிமானத்தை ஆராய்ந்து 1904இல் நோபல் பரிசு பெற்ற இவான் பாவ்லோவ், உணவுக்கு முன்னால் வழக்கமாக வரும் அடையாளத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறுவதைக் காட்டினார். இங்கே கூண்டுதான் அந்த அடையாளம். உள்ளே காலெடுத்து வைத்தால் நல்லது நடக்கும் என்று பலமுறை பதிய வேண்டும். பயமும் இதே வழியில்தான் பதிகிறது, ஆனால் மிக வேகமாக. ஒரே ஒருமுறை உள்ளே தள்ளிக் கதவைப் படாரென்று சாத்தினால் போதும், ஒரு வார உழைப்பு வீண். அதனால் கதவைச் சாத்துவதே கடைசி வேலை: முதலில் இரண்டு நொடி, பிறகு பத்து, பிறகு ஒரு நிமிடம்.

"அழட்டும், பழகிடும்" என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. லேசாகச் சிணுங்கித் தூங்கிவிடும் குட்டி வேறு. கம்பியைக் கடித்து, எச்சில் வழிய, மூச்சிரைக்கும் குட்டி வேறு. இரண்டாவது குட்டி பீதியில் இருக்கிறது. அந்த நிலையில் அதற்குப் பதிவது பயம் மட்டும்தான். உடனே கதவைத் திறந்து, பயிற்சியில் பல படி பின்னால் போக வேண்டும்.

நாய் பொந்தில் வாழும் விலங்கு, அதனால் கூண்டு பிடிக்கும் என்றும் சொல்வார்கள். ஆனால் நாயின் நெருங்கிய உறவான ஓநாய்கள் பொந்தைப் பயன்படுத்துவது குட்டி போட்டு வளர்க்கும் சில வாரங்களுக்குத்தான். வளர்ந்த நாயை நாள் முழுக்க அடைக்க இதைக் காரணம் காட்ட முடியாது. ஸ்வீடனில் வீட்டுக்குள் நாயைக் கூண்டில் அடைத்து வளர்ப்பதைச் சட்டமே கட்டுப்படுத்துகிறது. நம் ஊர் வெயிலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நாய் முக்கியமாக இரைத்துத்தான் உடலைக் குளிர்விக்கும், அதற்குக் காற்றோட்டம் வேண்டும். சித்திரை மாதத்தில் கூண்டின் மேல் கனத்த போர்வை போடாதீர்கள்.

ஒன்பதாம் நாள் மதியம் கூண்டில் தீனி எதுவும் இல்லை. கதவு திறந்தே கிடந்தது. குட்டி தானாக உள்ளே போய், இரண்டு சுற்றுச் சுற்றி, வாசலுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.