பக்கத்து வீட்டுக்குச் சோலார் கரண்ட் விற்க வயர் இழுக்காதீர்கள்

மதில் தாண்டிப் போகும் வயரை இன்னும் எத்தனை முறை கழற்றச் சொல்வது? கூரையில் பேனல் போட்டவர், மிஞ்சும் கரண்டைக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்குக் கேபிள் இழுத்துவிடுகிறார். கேட்டால், "அக்கம்பக்கத்துக்கு விற்கலாம் என்றார்களே" என்கிறார். அனுமதி உள்ள இடத்தில் விற்கலாம்தான். அதற்கு ஒரு முழம் புது வயர்கூட வேண்டாம்.

உங்கள் வீட்டுத் தேவை போக மிஞ்சும் மின்சாரம், ஏற்கெனவே இருக்கும் தெரு லைனுக்குள் போகிறது. அது யார் வீட்டு மின்விசிறியைச் சுற்ற வேண்டும் என்று நீங்களும் சொல்ல முடியாது, வாங்குபவரும் சொல்ல முடியாது. அருகில் மின்சாரம் இழுக்கும் கருவி (லோடு) எங்கே இருக்கிறதோ அங்கே போகும். கைமாறுவது கணக்கு மட்டும்தான். இரண்டு வீட்டு மீட்டர்களும் 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் பதிகின்றன. அதே இடைவெளியில் நீங்கள் அனுப்பியதும் அவர் இழுத்ததும் பொருந்தினால், அந்த அளவுதான் விற்பனை. 2016-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் விற்று வாங்கியதும் இருந்த லைன் வழியாகத்தான்.

வயர் இழுத்தால் என்ன ஆகும்? இரு வீடும் வெவ்வேறு ஃபேஸில் இருந்து இரண்டு லைவும் சேர்ந்தால், 400 வோல்ட்டில் ஷார்ட். ஒரு வீட்டு லைவும் மறு வீட்டு நியூட்ரலும் கலந்தால் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், விழுந்துகொண்டே இருக்கும். அதைத் தொந்தரவு என்று பைபாஸ் செய்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், உயிரைக் காப்பதே அதுதான். பேட்டரி இன்வெர்ட்டரிலிருந்து கொடுப்பது இன்னும் மோசம். கரண்ட் போனபின் பக்கத்து வீட்டு மெயின் வழியாக அது தெரு லைனில் ஏறலாம். டிரான்ஸ்ஃபார்மர் அதைத் திருப்பி ஆயிரக்கணக்கான வோல்ட்டாக்கும். கம்பத்தில் இருப்பவர் லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பித்தான் கை வைப்பார்.

உங்களிடம் வாங்குகிறார் என்பதற்காக மின்வெட்டின்போது அவர் வீட்டில் விளக்கு எரியாது. லைன் போனதும், பேனல் கரண்டைத் தெரு லைனுக்கு அனுப்பும் கிரிட் இன்வெர்ட்டர் 2 விநாடிக்குள் நின்றுவிட வேண்டும்.

கையெழுத்திடும் முன் விலையைப் போட்டுப் பாருங்கள். மிச்ச மின்சாரத்துக்கு மின்நிறுவனம் யூனிட்டுக்கு 3 தருகிறது, அதனிடம் வாங்கினால் 8, தெரு லைனைப் பயன்படுத்த வாங்குபவர் கட்டும் லைன் கட்டணம் 2 என்று வையுங்கள். 8-இல் 2 போனால் 6. ஆகவே 3-க்கும் 6-க்கும் நடுவில் பேசினால்தான் இருவருக்கும் லாபம். லைன் கட்டணத்தை மறந்து 7-க்கு ஒப்புக்கொண்டால் வாங்குபவருக்கு 9 ஆகிவிடும். வாங்குபவர் துணி துவைக்கும் இயந்திரத்தையும் மோட்டாரையும் காலை 10 முதல் 3 மணிக்குள் ஓட்டட்டும். இரவு 7 மணிக்கு இழுப்பது உங்கள் நண்பகல் யூனிட்டோடு பொருந்தாது. பேனல்கள் நிறைந்த தெருவில் நடுப்பகலில் வோல்டேஜ் ஏறி, 253-ஐத் தாண்டினால் பல இன்வெர்ட்டர்கள் தாமாக நின்றுவிடும். அப்படிக் குறையும் யூனிட்டுக்கு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

வயர் ஏற்கெனவே போட்டிருந்தால் நீங்களே பிடுங்காதீர்கள். இரண்டு வீட்டு மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்சையும் (ஐசோலேட்டர்) ஆஃப் செய்து, உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் இரு முனையிலும் கரண்ட் இல்லை என்று டெஸ்டிங் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கழற்ற வேண்டும்.