எக்ஸ்பேட்: ஹாலந்து வில்லேஜ் முதல் பூம்புகார் வரை

சிங்கப்பூரில் 'எக்ஸ்பேட் ஏரியா', அதாவது நல்ல சம்பளத்தில் வேலைக்கு வந்த வெளிநாட்டவர் புழங்கும் பகுதி, எது என்று கேட்டால், பலரும் முதலில் சொல்வது ஹாலந்து வில்லேஜ். வீட்டு வாடகை விளம்பரத்தில் இந்தச் சொல் வருகிறது, உணவகத்தைப் பற்றிய பேச்சில் வருகிறது, புதிதாக ஊருக்கு வருபவருக்கு நண்பர்கள் சொல்லும் யோசனையிலும் வருகிறது. தமிழில் எழுதும் நாமும் 'எக்ஸ்பேட்' என்றே போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். இதற்குத் தமிழில் என்ன சொல்வது? அதற்கு முன், இந்தச் சொல் யாரையெல்லாம் சேர்த்துக்கொள்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும். அங்கேதான் சிக்கல் இருக்கிறது.

முழு வடிவம் 'எக்ஸ்பேட்ரியேட்'. இலத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே. 'பாட்ரியா' என்றால் தந்தையர் நாடு. தந்தையைக் குறிக்கும் 'பாட்டர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சு மொழி இந்த இரண்டையும் சேர்த்து, நாடு கடத்துவதைக் குறிக்கும் வினையாக்கியது. 18ஆம் நூற்றாண்டில் அந்த வினை ஆங்கிலத்துக்குப் போனது. பெயர்ச்சொல்லாக, 'சொந்த நாட்டைவிட்டு வெளியேறியவர்' என்ற பொருளில் புழங்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில். 'எக்ஸ்பேட்' என்ற குறுக்கம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்தது. தண்டனையாகத் தொடங்கிய சொல், நிறுவனம் கொடுக்கும் வீடு, கார், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் நினைவூட்டும் சொல்லாக மாறிவிட்டது. சிலர் இதை 'முன்னாள் தேசபக்தர்' என்று பொருள்படும்படி பிரித்து எழுதுகிறார்கள். அது தவறு, 'பேட்ரியட்' என்ற சொல்லும் தந்தையைக் குறிக்கும் வேரிலிருந்து, கிரேக்க மொழி வழியாக வந்தது என்றாலும், இந்த 'எக்ஸ்' முன்னாள் என்ற பொருளில் வரவில்லை.

ஹாலந்து வில்லேஜையே எடுத்துக்கொள்வோம். பெயரைப் பார்த்து நெதர்லாந்துக்காரர்கள் குடியிருந்த இடம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அங்கே ஒரு கட்டடத்தின் உச்சியில் காற்றாலை ஒன்றை வைத்து அந்த நினைப்பை இன்னும் கெட்டியாக்கினார்கள். ஆனால், அந்தப் பக்கம் ஆரம்ப காலத்தில் குடியிருந்த ஹியூ ஹாலந்து என்ற கட்டடக் கலைஞரின் பெயர்தான் சாலைக்கு வந்தது என்பதே பரவலாகச் சொல்லப்படும் பெயர்க்காரணம். சாலையின் மறுபுறம் இருக்கும் சிப் பீ கார்டன்ஸ், பிரிட்டிஷ் படையினரின் குடும்பங்களுக்காகக் கட்டிய குடியிருப்பு. வெள்ளைக்காரக் குடும்பங்களை நம்பித்தான் எதிரே கடைகள் வளர்ந்தன. படைகளைத் திரும்ப அழைத்துக்கொள்வதாக லண்டன் 1968இல் அறிவித்தது. 1971இல் பெரும்பகுதிப் படைகள் கிளம்பிவிட்டன. காலியான வீடுகளை அரசு வாடகைக்கு விட்டது. சிப்பாய் போன வீட்டுக்கு வங்கி அதிகாரியும் பொறியாளரும் ஆசிரியரும் வந்தார்கள். ஹாலந்து வில்லேஜுக்கு 'எக்ஸ்பேட்' அடைமொழி ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

லோரோங் மம்போங் என்ற சிறு சந்தில் மதுக்கூடங்களும் உணவகங்களும் அடுத்தடுத்து வந்தன. மாலையானால் வண்டிகளை நிறுத்திவிட்டு, சந்தின் நடுவே மேசை நாற்காலி போட்டுவிடுவார்கள். 'லோரோங்' என்றால் மலாயில் சந்து. பெயர்ப்பலகையில் மலாய், வாசலில் ஆங்கிலம், அடுப்படியில் சீனமோ தமிழோ பிலிப்பீன்ஸின் தகாலோகோ. அந்தச் சந்தில் ஒரு பியர் வாங்கி உட்கார்ந்தால் நாலைந்து மொழி காதில் விழும்.

அதே இடத்தில், லோரோங் லிப்புட் பக்கம், நம்மவர் கடை ஒன்று இருந்தது: தம்பி மேகஸின் ஸ்டோர். 1940களில் வீடு வீடாகச் செய்தித்தாள் போடத் தொடங்கிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை நடத்திய கடை. அஞ்சடியை (கடை முன்னால் உள்ள நடைபாதையை) ஒட்டி வரிசை வரிசையாக வார இதழ்கள், மாத இதழ்கள்: கட்டடக்கலை, படகு, சமையல், பங்குச் சந்தை, நாகரிக உடை என்று உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்தவை. ஊரைவிட்டு வந்தவர்களுக்கு ஊர்ச் செய்தி அங்கேதான் கிடைத்தது. கடை 2024 மே மாதம் மூடப்பட்டது. தாளில் படிப்பவர்கள் குறைந்துபோன காலம் அது. அதற்கு முன்பே, 2011இல் ரயில் நிலையம் வந்துவிட்டது. திறந்தவெளி கார் நிறுத்துமிடம் இருந்த மனையில் ஒன் ஹாலந்து வில்லேஜ் என்ற பெரிய வளாகம் 2023இல் திறந்துவிட்டது. கூட்டம் இன்னும் வருகிறது. ஆனால் வருகிறவர்களில் சிங்கப்பூரர்களும் நிறையப் பேர். 'எக்ஸ்பேட் ஏரியா' என்பது பாதி பழைய நினைவில் ஓடிக்கொண்டிருக்கும் பெயர்.

சரி, அந்தச் சந்தில் உட்கார்ந்திருக்கும் ஆஸ்திரேலியர் எக்ஸ்பேட். அவர் வேலை செய்யும் கட்டடத்தைக் கட்டிய அறந்தாங்கிக்காரர்? அவரும் சொந்த நாட்டைவிட்டு வந்து சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்தான். இலத்தீன் வேரை வைத்துப் பார்த்தால் இருவருக்கும் ஒரே சொல் பொருந்த வேண்டும். ஆனால் அவரை யாரும் எக்ஸ்பேட் என்று சொல்வதில்லை. 'வெளிநாட்டு ஊழியர்' என்கிறோம். பிரிப்பது சம்பளமும் அனுமதி அட்டையும். உயர்நிலை வேலைக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் வாங்க 2025 நிலவரப்படி குறைந்தது 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மாதச் சம்பளம் வேண்டும், நிதித்துறைக்கு இன்னும் அதிகம். 6,000 வெள்ளி இருந்தால் மனைவி மக்களை அழைத்துவர விண்ணப்பிக்கலாம். குறைந்த சம்பள வேலைக்கான வொர்க் பெர்மிட்டில் வந்தவர் குடும்பத்தை அழைத்துவர முடியாது. பெரும்பாலும் முதலாளி ஏற்பாடு செய்யும் தங்குவிடுதியில்தான் இருக்க வேண்டும்.

குடிக்கும் இடமும் பிரிந்தே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் புல்தரையில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு மதுக்கூட விலை கட்டாது. 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் கலவரம் நடந்தது. அதையடுத்து 2015இல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிப்பதை நாடு முழுவதும் தடை செய்தது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங் வட்டாரத்திலும் வார இறுதி முழுவதும் தடை. உரிமம் பெற்ற கூரையின் கீழ் பணம் கொடுத்துக் குடிப்பவரை இது தொடுவதில்லை. 'எக்ஸ்பேட்' என்ற சொல்லை வெறும் வெளிநாட்டவர் என்று மொழிபெயர்த்தால் இந்த ஏற்றத்தாழ்வு மறைந்துபோகும். அப்படியே வைத்துக்கொண்டால் நாமும் அதற்கு ஒத்துப்போகிறோம். எனக்கு இது சிறிய விஷயமாகத் தெரியவில்லை.

தமிழர் வாயில் இதற்கு ஏற்கெனவே சொற்கள் இருந்தன. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் வெள்ளைக்கார நிர்வாகி 'பெரிய துரை', அவருக்கு அடுத்தவர் 'சின்ன துரை', வீட்டம்மா 'துரைசானி'. இன்று சொல்வதென்றால் அவர்களும் எக்ஸ்பேட்டுகளே. துரை என்ற சொல்லில் அதிகாரம் மட்டும் இருக்கிறது, அயல்நாடு இல்லை. தோட்டம் போனதோடு சொல்லும் போய்விட்டது. பக்கத்துவீட்டுச் சீனர் சொல்லும் 'ஆங் மோ' செம்முடிக்காரர் என்று பொருள்படும், ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழிச் சொல். அதுவும் நம் 'வெள்ளைக்கார'ரும் நிறத்தோடு நின்றுவிடுகின்றன.

வேர் அளவில் மிக நெருங்கி வருவது 'பரதேசி'. பரதேசத்தவர், அதாவது அயல்நாட்டவர். கொச்சியில் 1568இல் கட்டிய பரதேசி யூத ஆலயத்தின் பெயரில் அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது: வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய யூதர்களின் கோவில். தமிழில் அது பிச்சைக்காரராகி, பிறகு வசவாகிவிட்டது. மீட்க முடியாது.

அடுத்தது 'புலம்பெயர்'. இதைச் சொல்லும்போது எனக்கு உற்சாகம் வந்துவிடுகிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தைச் சொல்லும் உருத்திரங்கண்ணனார், 'மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்' ஊர் என்கிறார். பல மொழி பேசும் நல்ல நாடுகளிலிருந்து வந்தவர்கள் கலந்து இனிமையாக வாழும் இடம். சிலப்பதிகாரம் யவனர் இருக்கையைச் சொல்லி, அடுத்த வரியிலேயே 'கலந்தரு திருவின் புலம்பெயர் மாக்கள்' என்கிறது. கலம் தந்த செல்வம் உடையவர்கள், கப்பல் வணிகத்தில் வந்த காசுக்காரர்கள்! யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் அருந்தி மகிழ வேண்டும் என்று புறநானூற்றின் 56ஆம் பாட்டு வாழ்த்துகிறது. அயல்நாட்டவர் குடியிருப்பு, அவர்கள் கொண்டுவந்த மது, கலந்து பழகும் துறைமுகத் தெரு எல்லாம் அந்தப் பழைய பாடல்களில் இருக்கின்றன.

ஆனால் இன்று 'புலம்பெயர்ந்தோர்' என்றதும் போரால் வீடிழந்து கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போன ஈழத் தமிழர் நினைவுக்கு வருகிறார்கள். 'புலம்பெயர் தொழிலாளர்' என்றால் 2020இல் இந்தியாவின் கொரோனா ஊரடங்கில் மூட்டையோடு நடந்துபோனவர்கள். சொல்லில் இவ்வளவு வலி ஏறிய பிறகு, அதை மதுக்கூட மேசைக்கு இழுத்துவர எனக்கு மனம் வரவில்லை.

'வெளிநாட்டுத் திறனாளர்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. சாரத்தில் நின்று கம்பி கட்டுபவருக்குத் திறன் இல்லையா? அதனால் அதையும் ஒதுக்குகிறேன்.

நான் பரிந்துரைப்பது 'அயலகத்தார்'. அயல், அகம் இரண்டும் எல்லாருக்கும் தெரிந்தவை. தமிழ்நாட்டு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையால் 'அயலகம்' பத்திரிகைகளில் நன்றாகப் பழகிவிட்டது. நிறம், சம்பளம், துயரம் எதையும் இது முன்கூட்டிச் சொல்வதில்லை. லோரோங் மம்போங் ஆஸ்திரேலியரும் அயலகத்தார், அறந்தாங்கிக்காரரும் அயலகத்தார். வேலைக்காகத் தற்காலிகமாக வந்தவர் என்பதை அழுத்த வேண்டுமானால் 'அயலகப் பணியாளர்'. நிரந்தரமாகக் குடியேறியவருக்கு இது வேண்டாம், 'குடியேறியவர்' போதும்.

அப்புறம் 'பப்'. 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் குறுக்கம். எவரும் வந்து குடிக்கலாம் என்று உரிமம் பெற்ற வீடு. 'மதுக்கூடம்' சரியாகவே பொருந்தும். 'எக்ஸ்பேட் பப்' என்று வருமிடத்தில் 'அயலகத்தார் கூடும் மதுக்கூடம்' என்று எழுதலாம். அலுவலகத் தாள்களில் வரும் 'எக்ஸ்பேட் அலவன்ஸ்' என்பதை 'அயலகப்படி' என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பயணப்படி, வீட்டு வாடகைப்படி என்று எழுதிப் பழகிய கைக்கு இது தடையில்லாமல் வரும்.