முப்பது பேரில் ஒருவருக்கும் வரவில்லை என்றால்?

புள்ளியியல் படிக்கத் தொடங்கியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஒரு மருந்தை 30 பேருக்குக் கொடுத்தோம், ஒருவருக்கும் பக்கவிளைவு வரவில்லை என்று வையுங்கள். பாடத்தில் உள்ள சூத்திரப்படி 95% நம்பிக்கை இடைவெளி 0 முதல் 0 வரை என்று வருகிறது. அப்படியானால் பக்கவிளைவே கிடையாதா?"

இல்லை. இங்கே சூத்திரம்தான் கையை விரித்துவிட்டது.

நம்பிக்கை இடைவெளி என்பது, மாதிரியை வைத்து உண்மை விகிதத்துக்கு நாம் சொல்லும் கீழ், மேல் எல்லைகள். அதற்கான பாடச் சூத்திரம் தெரிந்ததுதான். 1000 பேரில் 400 பேர் 'ஆம்' என்றால் மாதிரி விகிதம் 0.4. அதை 0.6-ஆல் பெருக்கி, 1000-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் திட்டப் பிழை, அதாவது மாதிரிக்கு மாதிரி விகிதம் ஆடும் அளவு, சுமார் 0.0155. அதன் 1.96 மடங்கை இருபுறமும் விட்டால் 37 முதல் 43 சதவீதம். இடைவெளியைப் பாதியாகக் குறுக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குபவர்கள் அந்த வர்க்கமூலத்தை ஒரு தடவையாவது கையால் போட்டுப் பார்க்கலாம்!

சரி, 0.4 இருந்த இடத்தில் 0 போடுங்கள். திட்டப் பிழையும் 0 ஆகிவிடும். மாதிரி எவ்வளவு ஆடும் என்பது முழுமைத்தொகுதியின், அதாவது மாதிரி எடுக்கப்பட்ட மொத்தக் கூட்டத்தின், உண்மை விகிதத்தைப் பொறுத்தது. அது தெரியாததால் மாதிரி விகிதத்தையே அங்கே வைத்து ஒப்பேற்றுகிறோம். 1000-இல் 400 என்றால் இதனால் ஒன்றும் குடிமுழுகாது. 30-இல் 0 என்றால் முழுகிவிடும்.

1927-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் எட்வின் வில்சன் கேள்வியையே திருப்பிப் போட்டார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. உண்மை விகிதமாக இருக்கக்கூடிய ஒவ்வோர் எண்ணையும் விசாரணைக்குக் கூப்பிடுங்கள்: "நீதான் உண்மை என்றால், 30-இல் 0 வருமா?" முதலில் 5% வருகிறது. ஒருவர் தப்பிக்க வாய்ப்பு 0.95, முப்பது பேரும் தப்பிக்க, 0.95-ஐ முப்பது முறை பெருக்கினால் சுமார் 0.21. ஐந்தில் ஒரு தடவை நடக்கிற சங்கதிதான், உள்ளே இருக்கட்டும். 10%-க்கு 0.042; 95% போக மிச்சமான 0.05-ஐ ஒட்டி எல்லையோரம் நிற்கிறது. 20%-க்கு வெறும் 0.0012. வெளியே போகலாம்.

இப்படித் தப்பிப் பிழைக்கும் எண்களின் கூட்டம்தான் நம்பிக்கை இடைவெளி. வில்சன் இதை மணி வடிவ வளைவை வைத்துத் தோராயமாகச் செய்தார். ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் அதற்குரிய திட்டப் பிழையையே கொடுத்தார், மாதிரியிடம் கடன் வாங்கவில்லை. அவர் வழியில் 30-இல் 0 என்பதற்கு இடைவெளி 0 முதல் 11.4% வரை.

அப்புறம் அந்த 95. 'உண்மை விகிதம் இந்த இடைவெளிக்குள் இருக்க 95% வாய்ப்பு' என்று நாமே உளறியிருப்போம். 1937-இல் புள்ளியியலாளர் ஜெர்ஸி நெய்மன் விளக்கியபடி, உண்மை விகிதம் அசையாமல் நிற்கிறது. மாதிரிக்கு மாதிரி மாறுவது இடைவெளிதான். திரும்பத் திரும்ப மாதிரி எடுத்தால் நூற்றுக்கு 95 தடவை அது உண்மையைப் பிடிக்கும் என்பது செய்முறையின் தரம். 90-ஓ 99-ஓ வைத்துக்கொள்ளவும் தடையில்லை. ஆனாலும் பலர் 95-ஐ ராசி எண் போலக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

கால்குலேட்டர் இல்லையா? ஒருவருக்கும் வராதபோது 3-ஐ ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால், 95% நம்பிக்கையில் மேல் எல்லை மட்டும் கிடைக்கும். 0.05-இன் இயல் மடக்கை (ln) ஏறக்குறைய −3 என்பதால் வந்த 3 அது. 30 பேருக்கு 10% (வில்சனின் 11.4% இருபுற எல்லைக்கான கணக்கு), 300 பேருக்கு 1%, 3000 பேருக்கு 0.1%.