கம்பிக்கு மேல் இரண்டு சென்டிமீட்டர்

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைப் பக்கம் பழைய வீடுகளின் சன்ஷேடுகளை அண்ணாந்து பாருங்கள். பல வீடுகளில் அடிப்புறம் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும். பழி கம்பிக்கடைக்காரர் மேல் விழும். பெரும்பாலும் கோளாறு கம்பி கிடக்கும் இடத்தில்தான் இருக்கிறது.

புதுக் கான்கிரீட்டின் காரத்தைக் காட்டும் பிஎச் அளவு சுமார் 13. அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகித் துருவை அண்டவிடாது. ஆனால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நுண்துளைகள் வழியே புகுந்து, கால்சியம் ஹைட்ராக்சைடைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றும். பிஎச் 9-க்குக் கீழே இறங்கினால் படலம் சிதையும். பிறகு ஈரமும் ஆக்சிஜனும் போதும். துரு, தான் தின்ற இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கத்தில் கான்கிரீட் வெடிக்கும்.

இந்தக் கார இழப்பு எவ்வளவு ஆழம் வந்திருக்கிறது என்று பார்க்க முடியும். புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் ஃபினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் உள்ள பகுதி அடர் இளஞ்சிவப்பாகும். காரம் போன ஓரம் நிறம் மாறாது. அந்த ஓரத்தின் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும். 10 ஆண்டில் 10 மில்லிமீட்டர் என்றால், 20 மில்லிமீட்டரைத் தொட ஏறத்தாழ 40 ஆண்டு. அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், அதாவது கவர், பாதியானால், பாதுகாப்புக் காலம் கால் பங்காகிவிடும்!

அந்தக் கவர் கான்கிரீட் போடும் அன்றே தொலைகிறது. கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டையான கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லியைச் செருகுவார்கள். சட்டி சுமப்பவர்கள் மிதிக்க, ஜல்லி நழுவிக் கம்பி சென்டரிங் பலகையில் உட்கார்ந்துவிடும். சன்ஷேடில் இது இரட்டை ஆபத்து. அதன் முதன்மைக் கம்பி மேற்புறம் இருக்க வேண்டும். கீழே இறங்கினால் கவரோடு தாங்கும் வலுவும் போய்விடும்.

கடலோரத்தில் உப்பு வேறு. உப்பிலுள்ள குளோரைடு, காரம் குறையும்வரை காத்திராது. படலத்தை ஆங்காங்கே துளைத்துக் கம்பியைக் குழி குழியாக அரிக்கும். உவர்நீரில் கலவை போட்டால் அது முதல்நாளே உள்ளே இருக்கும். அதனால்தான் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநெறி ஐஎஸ் 456:2000 கடலோரச் சூழலுக்கு 45 மில்லிமீட்டர் கவரும் எம்30 என்ற வலுத் தரக் கான்கிரீட்டும் கேட்கிறது. வெறும் கவர் மட்டும் போதாது. வள்ளியூர், பணகுடிப் பக்கத்து ஆடிக்காற்று தளத்தின் ஈரத்தை உறிஞ்சினால் மேற்பரப்பில் துளைகள் மிகும். வறண்ட வெப்பத்தில் குறைந்தது 10 நாள் தண்ணீர் தேக்கி ஈரமாக வைத்திருக்க வேண்டும்.

பெயர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசி மறைப்பது வீண் செலவு. கம்பியின் பின்புறம்வரை கொத்தி, துருவைச் சுரண்டிய பிறகே புதுக் கலவை வைக்க வேண்டும்.